பனித்தீவின் மொழியும் பின்னொட்டுகளும்

1714-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு மன்னர் நான்காம் பிரெடெரிக், கோபன்ஹேகன் நகரில் சமயப்பணிக் கழகம் ஒன்றை நிறுவினார். கடல் கடந்த நிலங்களில் கிறித்துவ சமயத்தைப் பரப்பச் சென்றோருக்குப் பொருளும் ஆணையும் வழங்குவது அக்கழகத்தின் கடமை. அதன் பார்வையில் அமைந்த பணிக்களங்களுள் ஒன்று சோழமண்டலக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி. 1721-ஆம் ஆண்டு முதல் மற்றொன்று, உலகின் வடகோடியில் பனி மூடிக் கிடக்கும் கிரீன்லாந்து. வெயில் காயும் கரையிலிருந்தும் பனி உறையும் கரையிலிருந்தும் எழுதப்பெற்ற மடல்கள் ஒரே கழகத்தின் வாயிலில் வந்து சேர்ந்தன.

தமிழுக்கும் கிரீன்லாந்து மொழிக்கும் பிறப்பால் உறவு எதுவும் இல்லை. ஆயினும் அவ்விரு மொழிகளையும் கற்க முயன்ற ஐரோப்பியர் பெற்ற பட்டறிவில் ஓர் ஒற்றுமை உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1721-இல் கிரீன்லாந்துக்குச் சென்ற ஹான்ஸ் எகெடே என்னும் நார்வே நாட்டுப் பாதிரியார் அம்மொழியைக் கற்கப் பெரிதும் இடர்ப்பட்டார்; அவருடைய மைந்தர்களான பாலும் நீல்ஸும் அந்நாட்டுச் சிறுவர்களோடு விளையாடியே அதனை எளிதிற் கற்றுக்கொண்டனர். இரு கரைகளிலும் குழந்தைகளே முதல் ஆசிரியர்கள்.

கேட்டுப் பேசக் கற்பது ஒன்று. கற்ற மொழியின் அமைப்பை அறிந்து இலக்கணமாக எழுதுவது வேறொன்று. சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. பால் எகெடே 1750-இல் கிரீன்லாந்து மொழி அகராதியையும், 1760-இல் அதன் இலக்கணத்தையும், 1766-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். மொழிபெயர்ப்புப் பணியில் அவருக்கு ஆர்னர்சாக் என்னும் கிரீன்லாந்துப் பெண் துணைநின்றார். இவையெல்லாம் அரிய உழைப்பின் பயன்கள். ஆயினும் இலக்கண நூலுக்கு அடிப்படையாய் அமைந்தது ஐரோப்பியருக்குப் பழகிப்போன இலத்தீன் இலக்கண அச்சே ஆகும். அந்த அச்சுக்குள் கிரீன்லாந்து மொழி அடங்க மறுத்தது. அது ஏன் மறுத்தது என்பதையும், அம்மொழிக்கு உரிய இலக்கணம் எவ்வாறு வந்தது என்பதையும், அந்த இலக்கணம் காட்டிய ஆற்றல் ஒரு சிறிய மக்களினத்தை எவ்வாறு காத்து நின்றது என்பதையும் ஆராய்வது மொழி பயிற்றுவோருக்கும் பயில்வோருக்கும் பயன் தரும்.

மொழியும் மக்களும்

கிரீன்லாந்து உலகின் மிகப் பெரிய தீவு. ஆயின் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 56,000 மட்டுமே. அவர்களுட் பெரும்பாலோர் இனுயித் இனத்தவர். வெளியார் இவர்களை நெடுங்காலம் 'எஸ்கிமோ' என்று வழங்கினர். அப்பெயரை இன்று அவர்கள் விரும்புவதில்லை. 'இனுயித்' என்பதற்கு 'மக்கள்' என்பதே பொருள். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் வாழ்வோர் தம்மைக் 'கலால்லித்' என்றும், தம் மொழியைக் 'கலால்லிசுத்' என்றும் கூறுவர்.

மொழியின் பெயரிலேயே ஒரு பின்னொட்டு உள்ளது. 'சுத்' என்னும் அந்த ஈறு 'போல' என்னும் பொருளது. எனவே கலால்லிசுத் என்பதற்குக் 'கிரீன்லாந்தவர் போல' என்பதே நேர்ப்பொருள். அம்மக்களின் கருத்தில், ஒரு மொழியைப் பேசுவது என்பது அம்மொழிக்குரிய மக்களைப் போலப் பேசுவதேயாகும்.

மொழிகளைத் தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்பு நிலை என மூவகைப்படுத்துதல் மொழிநூலார் மரபு. சீனம் தனிநிலைக்கும், தமிழ் ஒட்டுநிலைக்கும், இலத்தீன் உட்பிணைப்பு நிலைக்கும் எடுத்துக்காட்டுகளாகக் காட்டப்பெறும். கிரீன்லாந்து மொழி ஒட்டுநிலையின் எல்லைக்கே சென்றது. ஒரு வேர்ச்சொல்லின் பின் ஒட்டு, அதன் பின் மற்றோர் ஒட்டு, அதன் பின் இன்னுமோர் ஒட்டு என அடுக்கி, பிற மொழிகளில் ஒரு முழு வாக்கியம் உணர்த்தும் பொருளை ஒரே சொல்லில் உணர்த்த அது வல்லது. சுட்டுச் சொற்களின் முன் வரும் ஓர் ஒட்டு நீங்கலாக, அம்மொழியில் முன்னொட்டு என்பதே இல்லை. கட்டடம் முழுவதும் வேரின் பின்னேயே எழுகிறது.

ஒரு வீட்டிலிருந்து ஓர் ஊர்

கிரீன்லாந்து மொழியில் வீட்டுக்கு 'இல்லு' என்று பெயர். தமிழ் மாணவருக்கு உடனே 'இல்' என்னும் சொல் நினைவுக்கு வரலாம். இந்த ஒப்புமை தற்செயலானது; இனவுறவுக்குச் சான்றாகாது. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு மொழியுறவு கூறுதல் ஆகாது என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு எனலாம். மேலும், எழுத்தில் இரட்டை லகரமாகத் தோன்றும் அவ்வொலி, பேச்சில் காற்று உரசி வரும் வேறோர் ஒலியாகும். இங்குத் தமிழெழுத்தில் தரப்பெறும் வடிவங்கள் அம்மொழியின் ஒலிகளை அணுகிக் காட்டுவனவே அன்றி முற்றும் ஒத்தவை அல்ல.

இல்லு என்னும் இச்சொல்லோடு 'பெரிய' என்னும் பொருள்தரும் ஒட்டுச் சேர்ந்தால் 'இல்லொர்சுவக்', அதாவது பெரிய வீடு. சிறுமையும் அன்பும் குறிக்கும் ஒட்டுச் சேர்ந்தால் 'இல்லுங்ஙுவக்', அதாவது சின்னஞ்சிறு வீடு. இதில் வரும் ஙகர ஒலி, 'அங்ஙனம்' என்னும் தமிழ்ச் சொல்லில் ஒலிப்பது போன்றது.

இதுவரை புதுமை பெரிதில்லை. 'உடைமை' குறிக்கும் ஒட்டு ஒன்று சேரும்போதுதான் இம்மொழியின் தனித்தன்மை புலப்படுகிறது. 'இல்லொகர்பொக்' என்றால் 'அவருக்கு வீடு இருக்கிறது' என்று பொருள். 'ஆக்கம்' குறிக்கும் ஒட்டுச் சேர்ந்தால் 'இல்லுலியொர்பொக்', அதாவது 'வீடு கட்டுகிறார்'. பெயர்ச்சொல் ஒன்று, ஒட்டுச் சேர்ந்த அளவில் வினைச்சொல் ஆகிவிடுகிறது. தமிழில் 'வீடு கட்டுகிறார்' என்பதில் 'கட்டு' என்பது தனி வினை, 'என்ன செய்கிறார்?' என்று கேட்டால் 'கட்டுகிறார்' என்று மட்டும் விடை கூறலாம். கிரீன்லாந்து மொழியில் 'உடைமை' குறிக்கும் ஒட்டும் 'ஆக்கம்' குறிக்கும் ஒட்டும் தனித்து வாரா. அவை எப்போதும் ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே நிற்கும்.

வினையான இச்சொல் மீண்டும் பெயராகவும் கூடும். இடம் குறிக்கும் 'ஃபிக்' என்னும் ஒட்டினைச் சேர்த்தால் 'இல்லொகர்ஃபிக்'. வீடுகள் உள்ள இடம் என்பது இதன் பொருள். நகரம் என்பதற்குரிய வழக்குச்சொல்லும் இதுவே. வீடு, உடைமை, இடம் என்னும் மூன்று கூறுகள் சேர்ந்து ஒரு நகரத்தையே எழுப்பிவிட்டன.

விருப்பமும் மறுப்பும் தன்மையும் இவ்வாறே சேர்கின்றன. 'இல்லொகர்புஙா' என்றால் 'எனக்கு வீடு இருக்கிறது'. 'இல்லொகருசுப்புஙா' என்றால் 'வீடு உடையவனாக விரும்புகிறேன்'. 'இல்லொகருசுங்ஙிலஙா' என்றால் 'வீடு உடையவனாக விரும்பவில்லை'. வேர் ஒன்று, ஒட்டுகள் நான்கு, சொல் ஒன்று, வாக்கியமும் அதுவே. எழுவாயை மட்டுமன்றிச் செயப்படுபொருளையும் வினையீறு காட்டும் ஆற்றலும் இம்மொழிக்கு உண்டு. 'அசவக்கித்' என்னும் ஒரே சொல் 'உன்மீது அன்பு கொண்டுள்ளேன்' எனப் பொருள்படும். யார், யார்மீது என்னும் இரண்டையும் அதன் ஈறே காட்டிவிடுகிறது.

ஒட்டுகளின் வரிசை

ஒட்டுகளை மனம்போன வரிசையில் அடுக்க இயலாது. ஒவ்வோர் ஒட்டும் தனக்கு முன்னுள்ள பகுதி முழுவதையும் தழுவியே பொருள் தரும். இதனை விளக்க ஒரு கப்பல் உதவும்.

தோலால் வேய்ந்த திறந்த படகுக்கு 'உமியக்' என்று பெயர். பெருமை குறிக்கும் 'சுவக்' சேர்ந்தால் 'உமியர்சுவக்', அதாவது கப்பல். ஐரோப்பியரின் பெருங்கலங்களைக் கண்ட கிரீன்லாந்தவர் பிற மொழியிலிருந்து பெயர் கடன் வாங்கவில்லை. தம் படகையே பெரிதாக்கிக்கொண்டனர். ஆக்கம் குறிக்கும் ஒட்டும் இடம் குறிக்கும் ஒட்டும் சேர்ந்தால் 'உமியர்சுவலியொர்ஃபிக்', கப்பல் கட்டும் துறை. அதன்மேலும் 'சுவக்' சேர்ந்தால் 'உமியர்சுவலியொர்ஃபிஸ்சுவக்', பெரிய கப்பல் கட்டும் துறை.

இச்சொல்லில் பெருமை குறிக்கும் ஒட்டு இருமுறை வந்துள்ளது. முதலில் வந்தது படகைப் பெரிதாக்கியது. இறுதியில் வந்தது துறையைப் பெரிதாக்கியது. தமிழில் 'பெரிய கப்பல் கட்டும் துறை' என்று எழுதினால், பெரியது கப்பலா துறையா என்னும் ஐயம் எழும். கிரீன்லாந்து மொழியில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஒட்டு நிற்கும் இடமே பொருளை வரையறுத்துவிடுகிறது.

இவ்வாறு ஒட்டுகள் சேருமிடத்து ஒலிகளும் மாறுகின்றன. 'இல்லு' என்பதன் உகரம், அடிநாவில் பிறக்கும் ரகரத்துக்கும் ககரத்துக்கும் முன் ஒகரமாகிறது. ஆகவே இல்லொர்சுவக், இல்லொகர்பொக். தலைநகரின் பெயராகிய 'நூக்' என்பதோடு இட வேற்றுமை உருபாகிய 'மி' சேர்ந்தால் 'நூம்மி' என்றாகிறது. மரம் என்பதும் கள் என்பதும் சேர்ந்து மரங்கள் ஆவதை அறிந்த தமிழ் மாணவருக்கு இது வியப்பளிக்காது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் பகுபத உறுப்புகள் ஆறனையும் பிரித்துக் காட்டப் பயின்றவர், கிரீன்லாந்துச் சொல் ஒன்றைக் கையில் எடுத்தால் திகைக்கமாட்டார். வேறுபாடு அளவில் உள்ளது. சொல்லாக்கத்துக்கு உதவும் ஒட்டுகள் மட்டும் அம்மொழியில் 400-க்கு மேற்பட்டவை.

காலம் காட்டும் பெயர்கள்

பெயர்ச்சொல் காலம் காட்டாது. காலம் காட்டுவது வினை. இது தமிழ் இலக்கணத்தின் அடிப்படை. வினையாலணையும் பெயர் காலம் காட்டுமாயினும் அது வினையின் வழிப் பிறந்தது. கிரீன்லாந்து மொழியிலோ வெறும் பெயர்ச்சொல்லும் ஒட்டின் துணையால் காலச் சாயல் பெறுகிறது.

'இல்லுஸ்சக்' என்றால் வீடாகவிருப்பது. இனிக் கட்டப்படவுள்ள வீட்டையும் அதற்குரிய பொருளையும் அச்சொல் குறிக்கும். 'இல்லுகொக்' என்றால் முன்பு வீடாக இருந்தது, அதாவது பாழடைந்த வீடு. 'இல்லுதொகக்' பழைய வீடு. 'இல்லுதாக்' புதிய வீடு. 'நுலியக்' என்றால் மனைவி; 'நுலியஸ்சக்' என்றால் மனைவியாகவிருப்பவள், நிச்சயிக்கப்பட்ட மணமகள். ஒரு பொருள் எவ்வாறு இருந்தது, எவ்வாறு இருக்கிறது, எவ்வாறு ஆகவுள்ளது என்னும் மூன்று நிலைகளையும் பெயரிலேயே பொதிந்து வைக்கும் மொழி இது.

'பனிக்கு நூறு சொற்கள்' என்னும் பொய்

வட துருவ மக்களின் மொழியில் பனிக்கு நூறு சொற்கள் உண்டு என்னும் செய்தி உலகெங்கும் பரவியுள்ளது. பள்ளிப் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும்கூட அது எடுத்தாளப்பெறுகிறது. பிரான்ஸ் போவாஸ் என்னும் மானிடவியலறிஞர் 1911-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நான்கு வேர்களையே எடுத்துக்காட்டினார். பின்வந்தோர் அந்த எண்ணிக்கையைத் தம் விருப்பம்போல் பெருக்கிக்கொண்டனர்.

கிரீன்லாந்து மொழியில் தரையில் கிடக்கும் பனி 'அபுத்'; வானிலிருந்து விழும் பனி 'கனிக்'. இவ்வாறு வேர்கள் சிலவே. அவற்றோடு ஒட்டுகளைச் சேர்த்துப் பல சொற்கள் ஆக்கலாம். ஆனால் வீட்டுக்கும் அவ்வாறே ஆக்கலாம், படகுக்கும் ஆக்கலாம். எண்ணத் தொடங்கினால் எந்தப் பொருளுக்கும் எல்லையற்ற சொற்கள் கிடைக்கும். இம்மொழியின் வியப்பு அதன் சொற்பட்டியலில் இல்லை; சொல்லை ஆக்கும் முறையில் உள்ளது. ஆக்கும் முறையை அறியாதார் எண்ணிக்கையைக் கண்டு மயங்கினர்.

தன் அச்சில் எழுந்த இலக்கணம்

மேலே கண்ட இயல்புகளை நோக்கினால் இலத்தீன் அச்சு ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும். இலத்தீன் இலக்கணம் பெயரை ஒரு பட்டியலிலும் வினையை மற்றொரு பட்டியலிலும் நிறுத்தும். கிரீன்லாந்து மொழியிலோ ஒரு பெயர் வினையாகி, அவ்வினை மீண்டும் பெயராகி, அப்பெயர் மறுபடியும் வினையாவது ஒரே சொல்லுக்குள் நிகழ்கிறது. அகராதி எழுதுவோருக்கும் இதே இடர்தான். சொற்களுக்கு முடிவில்லை என்றால் அகராதிக்கும் முடிவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் சாமுவேல் கிளைன்ஷ்மித். 1814-ஆம் ஆண்டு கிரீன்லாந்தின் தென்பகுதியில் லிக்டெனாவ் என்னும் ஊரில், மொராவிய சபையைச் சார்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கிரீன்லாந்து மொழி அவர் செவியில் விழுந்தது. இளமையில் கல்விக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பெற்ற அவர் 1841-இல் மீண்டும் கிரீன்லாந்துக்கே திரும்பினார். 1851-இல் பெர்லின் நகரில் அவருடைய இலக்கண நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஐரோப்பிய அச்சை ஒதுக்கிவிட்டு, கிரீன்லாந்து மொழியை அதன் ஒழுங்கிலேயே அந்நூல் விளக்கியது. வேர் எது, ஒட்டு எது, ஒட்டுகள் எம்முறையில் தொடர்கின்றன, எவ்வொலி எவ்விடத்துத் திரிகிறது என்று அது தெளிவாக வகுத்துக் காட்டியது. அவர் வகுத்த எழுத்துமுறை 1973-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் வரை, நூறாண்டுக்கு மேல், நாடு முழுவதும் வழங்கியது. 1871-இல் அவருடைய அகராதியும் வெளிவந்தது. பின்னர் 1926-இல் அகராதி தொகுத்த ஷூல்ட்ஸ்-லொரென்ட்சென், வேர்களைத் தனியாகவும் ஒட்டுகளைத் தனியாகவும் அமைத்தார். இம்மொழிக்கு அதுவே பொருந்தும் முறை. சொற்களையெல்லாம் தொகுக்க இயலாத மொழிக்குச் சொல்லின் கருவிகளைத் தொகுத்துத் தருவதே அகராதி.

பள்ளியும் இதழும்

டென்மார்க் அரசு தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற 1845-ஆம் ஆண்டிலேயே கிரீன்லாந்தின் நூக் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று நிறுவப்பெற்றது. அக்காலத்தில் அந்நகரின் பெயர் கொட்ஹாப். கிளைன்ஷ்மித் 1859-இல் மொராவிய சபையிலிருந்து விலகி அக்கல்லூரியில் ஆசிரியரானார். 1886-இல் இறக்கும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.

அக்கல்லூரியின் பெயர் 'இலின்னியர்ஃபிஸ்சுவக்'. இப்பெயரைப் பிரித்துக் காண்பது ஆசிரியருக்கு மகிழ்வு தரும். 'இலின்னியர்' என்பது கற்றல். 'ஃபிக்' இடம். 'சுவக்' பெருமை. எனவே பெரிய கற்குமிடம். கற்பவர் 'இலின்னியர்தொக்'. அவ்வேரின்மேல் 'செய்வித்தல்' என்னும் பொருள்தரும் ஒட்டினை ஏற்றினால் 'இலின்னியர்தித்சிசொக்', அதாவது கற்கச் செய்பவர், ஆசிரியர். தமிழில் 'கல்' என்னும் வேர் பிறவினை விகுதி பெற்றுக் 'கற்பி' ஆகி, கற்பவர் ஒருவரும் கற்பிப்பவர் ஒருவரும் பிறப்பது போன்றதே இது. உறவற்ற இரு மொழிகள், ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு ஒரே விடையைத் தத்தம் ஒட்டுகளால் தந்துள்ளன.

1861-இல் ஹின்ரிக் ரிங்க் என்னும் அரசு அலுவலர் கொட்ஹாப் நகரில் கிரீன்லாந்து மொழி இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் 'அதுவகக்லியுதித்'. கிரீன்லாந்தவரான ராஸ்முஸ் பெர்தெல்சென் அதன் முதல் ஆசிரியர். 1874 முதல் அப்பொறுப்பை லார்ஸ் முல்லர் ஏற்றார். வெளிநாட்டுச் செய்திகளும் கதைகளும் அறிவியற் செய்திகளும் வேட்டைக்காரர் எழுதிய நிகழ்ச்சிகளும் அவ்விதழில் வெளிவந்தன. யானையையும் பாலைவனத்தையும் நீராவி எந்திரத்தையும் கண்டிராத மக்களுக்கு அவற்றைச் சொல்லவேண்டிய கடமை எழுத்தாளருக்கு ஏற்பட்டது. பின்னொட்டுகள் அப்போது இலக்கண நூலை விட்டு வெளியே வந்து உலகை எடுத்துரைக்கும் கருவிகளாயின. 1914-இல் மாத்தியாஸ் ஸ்டோர்க் எழுதிய முதல் கிரீன்லாந்து நாவலும் இந்த மரபில் விளைந்த கனியே.

அறுந்த தொடர்

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த மொழியும் இடருக்கு உட்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டென்மார்க் அரசு கிரீன்லாந்தை விரைந்து நவீனமாக்க முற்பட்டது. 1953-இல் கிரீன்லாந்து குடியேற்ற நாடு என்னும் நிலை நீங்கி டென்மார்க்கின் பகுதியாயிற்று. மருத்துவமும் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. அவற்றோடு டேனிஷ் மொழியும் பள்ளிக்குள் பெருகி நுழைந்தது. முன்னேற வேண்டுமாயின் டேனிஷ் வேண்டும் என்னும் எண்ணம் பெற்றோரிடையேயும் வேரூன்றியது.

அக்காலப் போக்கின் கொடிய சான்று 1951-இல் நிகழ்ந்தது. கிரீன்லாந்துச் சிறார் 22 பேர் தம் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை டேனிஷ் பேசும் முன்மாதிரிக் கிரீன்லாந்தவராக வளர்ப்பது நோக்கம். அறுவர் டென்மார்க்கிலேயே தத்துக் கொடுக்கப்பட்டனர். 1952-இல் திரும்பிய 16 பேரும் பெற்றோரின் இல்லங்களுக்கு அனுப்பப்படவில்லை. கொட்ஹாப் நகரின் சிறார் இல்லம் ஒன்றிலேயே வைக்கப்பட்டனர். தாய் பேசியதைப் பிள்ளை அறியவில்லை; பிள்ளை பேசியதைத் தாய் அறியவில்லை. 2020-ஆம் ஆண்டில்தான் டென்மார்க்குப் பிரதமர் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அச்சிறாரிற் பலர் இறந்துவிட்டிருந்தனர்.

அச்சிறார் இழந்தது எதனை? சில நூறு சொற்களை மட்டும் அன்று. சொல் மறந்தால் அகராதியைப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம். ஒட்டின்மேல் ஒட்டு வைத்து, கேட்டறியாத சொல்லைத் தானே ஆக்கிப் பேசவும், பிறர் ஆக்கிய புதுச்சொல்லைக் கேட்ட நொடியில் உணரவும் வல்ல ஆற்றல், குழந்தைப் பருவத்தில் வீட்டுப் பேச்சில் விளைவது. எகெடேயின் மைந்தர்கள் விளையாட்டில் பெற்ற அச்செல்வத்தையே, அந்நாட்டின் சொந்தப் பிள்ளைகளிடமிருந்து அரசு பறித்தது.

மீண்டும் தளிர்த்தல்

1970-களில் கல்வி கற்ற கிரீன்லாந்து இளைஞர்கள் விழித்தெழுந்தனர். 1979-ஆம் ஆண்டு மே முதல் நாள் கிரீன்லாந்து தன்னாட்சி பெற்றது. அத்தன்னாட்சிச் சட்டம் கிரீன்லாந்து மொழியை முதன்மை மொழியாக அறிவித்தது. 2009-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விரிவான தன்னாட்சிச் சட்டம் அதனையே ஆட்சிமொழியாக்கியது.

ஆட்சிமொழி ஆவதற்குச் சட்டம் மட்டும் போதாது. சட்டத்தையும் வானூர்தியையும் கணினியையும் பேசுவதற்குச் சொற்கள் வேண்டும். அவற்றைத் தந்தவை பழைய ஒட்டுகளே. பறத்தல் என்னும் வேரோடு 'வழக்கமாகச் செய்தல்' என்னும் ஒட்டும் 'செய்வது' என்னும் ஒட்டும் சேர்ந்து 'திம்மிசர்தொக்', அதாவது வானூர்தி. வழக்கமாக வந்திறங்கும் இடம் 'மித்தர்ஃபிக்', அதாவது வானூர்தி நிலையம். மூளைக்குரிய 'கரசக்' என்னும் சொல்லிலிருந்து, 'செயற்கை மூளை' என்னும் பொருளில் 'கரசாசியக்', அதாவது கணினி. சட்டத்துக்குரிய சொல்லோடு அதே 'வழக்கமாகச் செய்தல்' ஒட்டுச் சேர்ந்து 'இனத்சிசர்துத்', அதாவது சட்டம் செய்வோர். நாட்டின் நாடாளுமன்றத்துக்கு அதுவே பெயர். பறக்கும் பொறிக்கும் நாடாளும் அவைக்கும் பெயர் தந்தது ஒரே சிற்றொட்டு. மொழியைப் பேணும் அரசு நிறுவனத்தின் பெயரும் இவ்வழியில் அமைந்ததே. 'ஒகாசிலெரிஃபிக்' என்றால், சொற்களைப் பற்றிய பணி நடக்கும் இடம்.

கடன்சொற்கள் இல்லாமல் இல்லை. காப்பிக்குக் 'கஃபி', மகிழுந்துக்குப் 'பீலி', சமயகுருவுக்குப் 'பலசி' ஆகியவை டேனிஷ் மொழிவழி வந்தவை. ஆயின் வந்த சொல்லையும் ஒட்டுகள் தமதாக்கிக்கொள்கின்றன. 'கஃபிசொர்பொக்' என்றால் 'காப்பி அருந்துகிறார்'. 'பீலெகர்பொக்' என்றால் 'மகிழுந்து வைத்திருக்கிறார்'. வேர் அயலது, அதனை இயக்கும் இலக்கணம் கிரீன்லாந்தினது. 'பீலி' என்பதன் இறுதி இகரம்கூட, 'இல்லு' என்பதன் உகரம் திரிந்தது போலவே அம்மொழியின் விதிக்கு உட்பட்டு எகரமாகத் திரிந்துவிட்டது. வந்த விருந்தினர் வீட்டு ஒழுக்கத்துக்கு உட்பட்டே அமர்கின்றனர்.

அச்சம் முற்றும் நீங்கிவிட்டது என்று கூற இயலாது. யுனெஸ்கோ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட அழிவுறும் மொழிகளின் வரைபட நூலில், மேற்குக் கிரீன்லாந்து மொழி இடருக்கு உள்ளாகக்கூடியது என்றும், கிழக்குக் கரையிலும் வடகோடியிலும் வழங்கும் வழக்குகள் அதனினும் மிக்க இடரில் உள்ளன என்றும் குறிக்கப்பட்டுள்ளன. மேற்குக் கரையின் மொழியைக் காக்க எழுந்த அரசும் பள்ளியும், அம்மொழியின் உடன்பிறந்த வழக்குகளைக் காக்கும் கடமையையும் ஏற்றாக வேண்டும்.

ஆயினும் மூன்று நூற்றாண்டு வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. 56,000 மக்களே வாழும் நாட்டில் அவர்தம் மொழி ஆட்சியிலும் இதழிலும் வகுப்பறையிலும் ஒலிக்கிறது. அதற்குக் காரணம் பழஞ்சொற்களைப் பெட்டியில் பூட்டிக் காத்தமை அன்று. புதுச்சொல்லை ஆக்கும் வழி அடைபடாமல் காத்தமையே. அவ்வழியைத் தெளிவுற வகுத்துக் காட்டியது, அம்மொழியை அதன் இயல்பிலேயே நோக்கிய இலக்கணம். அவ்வழியை நாள்தோறும் நடந்து நடந்து புல் மூடாமல் வைத்திருப்பது குழந்தைகளின் பேச்சு. நூக் நகரத்துப் பள்ளி ஒன்றில் இன்று ஒரு குழந்தை 'இல்லு' என்னும் சொல்லின்மேல் தன் விருப்பம்போல் ஒட்டொன்றை வைத்து, எவரும் அதுவரை சொல்லாத ஒரு சொல்லைச் சொல்லலாம். அதனைக் கேட்ட ஆசிரியர் பொருள் உணர்ந்து முறுவலிப்பாரானால், அம்மொழி வாழ்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.